மெக்கானிக்கின் சட்டைப்பை

விழுப்புரத்திலிருந்து வந்த அந்த மெக்கானிக் என் மெஷினிலிருந்து எதையோ திருடுகிறார் என்றுதான் முதலில் நம்பினேன். திண்டிவனத்தில் என் பட்டறையில் இரும்பு கடைய இருந்த ஒரே சி.என்.சி. மெஷின் காலையிலேயே நின்றுவிட்டது. சாயங்காலத்துக்குள் லோடு போகாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஒல்லியான மனிதர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஒயர்களைச் சுமந்து மெஷினோடு முன்னும் பின்னும் ஓடும் கேபிள் செயினைத் திறந்து, உள்ளே எதையோ நறுக்கி நறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவரைச் சுற்றியே கூட்டினேன்.

"பையில இன்னாங்க போட்டுக்கினு இருக்கீங்க?"

"ஒயரு கட்டுற பிளாஸ்டிக் டேக்குங்க. ஒண்ணு உள்ள வுழுந்தாலும் செயின் மாட்டிக்கும். ஓடுற ஒயரு லூசா கெடக்கணும் சார். இப்படி ஜடை பின்னி வச்சிருக்குதே, யாரு கட்டுனது?"

"பழைய ஆபரேட்டருங்க."

"சரிங்க. கூட்டுனது போதும், தரை தேஞ்சிடப் போவுது."

அறுந்த ஒயரை மாற்றி மெஷினை ஓடவிட்டுப் புறப்படும்போது பையிலிருந்த டேக்குகளை என் கையில் கொட்டினார். "அந்த ஆபரேட்டரு வந்தா குடுத்துடுங்க" என்றார், சிரிக்காமல். அவருக்குத் தெரிந்துவிட்டதா என்று இன்றும் யோசிக்கிறேன்.

லோடு ஐந்து மணிக்குப் போனது. என் பட்டறையில் பழைய ஆபரேட்டர் என்று எவரும் இருந்ததில்லை. டேக்குகளை இறுக்கிக் கட்டியவன் நான். ஒயர் அறுந்திருந்ததும் நான் கட்டிய இடத்தில்தான்.