தேய்ந்தது டிஸ்க் மட்டும்தான்

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஆமத்தூரில் என் அண்ணன் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. உள்ளே போனால்... ஒரே சத்தம்!

"நீ ஏறப்போறியா, இல்லையா?" - இது அண்ணன்.

"செத்தாலும் ஏற மாட்டேன்!" - இது மதினி.

மதினி செல்வராணி, சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறார். காலையில் கம்பெனி வேன் ஏறினால், சாயங்காலம்வரை தரையில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல், கிஃப்ட் பாக்ஸில் பட்டாசு அடுக்க வேண்டும். கொஞ்ச நாளாகவே இடுப்புவலி. பிறகு அது இடது தொடை வழியாகக் கெண்டைக்கால்வரை சுரீரென்று இறங்கியது. ஸ்கேன் எடுத்தார்கள். 'டிஸ்க் தேய்மானம்' என்று ரிப்போர்ட்.

அவ்வளவுதான், தெருவே டாக்டராகிவிட்டது! "இனி குனியவே கூடாது." "ஆபரேஷன் பண்ணினா படுக்கைதான்." அண்ணனோ, முதுகில் ஏறி மிதித்து 'டிஸ்க்கை உள்ளே தள்ளிவிடும்' ஒருவரிடம் கூட்டிப்போக ஆட்டோவே பிடித்துவிட்டார்.

"தம்பி, நீங்களே சொல்லுங்க. எம் முதுகு என்ன களத்துல கெடக்குற சோளக்கதிரா, ஏறி மிதிக்க?"

நியாயமான கேள்விதானே? அதே ஆட்டோவை விருதுநகருக்குத் திருப்பினோம்.

எலும்பு டாக்டர் இளம்பெண். ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன்னால் மதினியைப் பார்த்தார். குதிகாலால் நடக்கச் சொன்னார். பாதத்தை அழுத்திப் பார்த்தார். பிறகுதான் பேசினார்.

"முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குறதுதான் டிஸ்க். வயசாக ஆக அதுல ஈரம் வத்தும். வலியே இல்லாத ஆளுக்கு ஸ்கேன் எடுத்தாலும் இது தெரியும். உங்களுக்கு அது லேசாப் பிதுங்கி நரம்பை உரசுது. பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சரியாகும்."

"அப்ப பெட் ரெஸ்ட்டு?" - அண்ணன் விடுவாரா?

"வலி ரொம்ப இருந்தா ஒண்ணு ரெண்டு நாள். அதுக்கு மேல படுத்தே கிடந்தா தசை தளர்ந்துபோகும். நடக்கணும். நான் சொல்ற பயிற்சியைச் செய்யணும். ஆனா ஒண்ணு... காலுக்குப் பலம் குறைஞ்சாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, ஒண்ணுக்கு ரெண்டுக்கு போறது கட்டுப்பாட்டுல இல்லாமப் போனாலோ, உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துறணும்."

"வேலைக்குப் போகலாமா?" என்றார் மதினி.

"தாராளமா. ஆனா ஒரேயடியாத் தரையில உட்கார்ந்தே இருக்கக் கூடாது."

அங்கேதான் சிக்கல்!

சில வாரம் மாத்திரை, பயிற்சி, காலையில் பஸ் ஸ்டாப்வரை நடை. கெண்டைக்கால்வரை இறங்கிய வலி இடுப்போடு நின்றது. மதினி வேலைக்குத் திரும்பினார். முதல் நாளே ஃபோர்மேனிடம் கேட்டார் - நின்று வேலை பார்க்க ஒரு மேசை.

"சீசன் நேரத்துல மகாராணிக்கு மேசை வேணுமாக்கும்? முடியலன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதான?"

மதினி தன் இடத்துக்குப் போனார். உட்கார்ந்து அடுக்கினார். முதுகு கடுத்ததும் எழுந்தார். இடுப்பில் கைவைத்துப் பின்னால் வளைந்தார். கதவுவரை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, மறுபடியும்.

"ஏய், எதுக்கு எந்திரிக்கிற?"

"எம் முதுகு எந்திரிக்கச் சொல்லுது. பாக்ஸ் நிறையுதா இல்லையா, அதை மட்டும் பாருங்க."

அடுத்து, பக்கத்தில் இருந்த முத்துமாரி எழுந்தார். பிறகு மூலையில் இருந்த இன்னொரு பெண். அப்புறம்தான் தெரிந்தது... அந்த ஷெட்டில் இடுப்புவலி இல்லாத ஆளே இல்லை! யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

"என்ன, எல்லாருமா?" என்று கத்தினார் ஃபோர்மேன்.

"எல்லாருக்குந்தான் முதுகு இருக்கு" என்றார் முத்துமாரி.

தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கும்போது யாரை வீட்டுக்கு அனுப்புவது? அடுத்த திங்கட்கிழமை ஷெட்டுக்கு மேசை வந்துவிட்டது. பழையதுதான், ஒரு கால் கட்டை. அட்டையை மடித்து முட்டுக்கொடுத்து, முறைவைத்து நிற்கிறார்கள். ஒரு மேசை எப்படிப் போதும் என்று இப்போது அடுத்த பேச்சு ஆரம்பமாகியிருக்கிறதாம்.

டிஸ்க் தேய்வது வயசின் வேலை. சரி. ஆனால் ஒரு மனுஷியை நாள் முழுக்கத் தரையில் மடக்கி உட்கார வைப்பது யார் வேலை? எந்த ஸ்கேனிலும் அது தெரிவதில்லையே, ஏன்?

நேற்று போனில் கேட்டேன். "வலி போயிருச்சா மதினி?"

"எங்கன போச்சு? காலையில எந்திரிக்கையில இருக்கத்தான் செய்யுது. கெடக்கட்டும் தம்பி... அதுவும் போகல, நானும் வேலையை விட்டுப் போகல!"