கண்ணாடியில் எழுந்த தண்ணீர்

திருச்செங்கோட்டு இளவழகன் இருபத்து நான்கு வருடமாக ரிக் வண்டி ஆபரேட்டர். சத்தீஸ்கர், தெலங்கானா, ஒடிசா என்று போர்வெல் போடப் போகிற ஊரில் எல்லாம் பழைய சாமான் கடையைத் தேடிப் போவார். திரும்பும்போது ஒரு பிலிம் கேமரா இருக்கும் கையில். இருபத்து மூன்று சேர்ந்துவிட்டன, ஒன்றுகூட ஓடாது. சிலவற்றின் லென்ஸில் பூஞ்சை, சிலவற்றின் ஷட்டரில் துரு. எழுநூறு அடி ஆழத்தில் சிக்கிய இரும்பை மீட்டவருக்கு அந்தக் கடுகளவு திருகுகளில் கை வைக்கத் துணிவு வரவில்லை.

மழைக்கு வண்டிகள் ஊர் திரும்பிய ஆடி மாதத்தில் அவர் வரவழைத்திருந்த ஒரு பெட்டி ஜப்பானிலிருந்து வந்தது. அந்தக் காலத்து இரட்டை லென்ஸ் கேமராவின் அதே உருவத்தில் புதிதாகச் செய்த நகல். உறுப்புகள் தனித்தனியாக வரும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். சேலத்தில் நாற்பது கேமரா வைத்திருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி பாலசுந்தரம் போனிலேயே சலித்துக்கொண்டார்.

“அது பொம்மைங்க இளவழகன். அசலோட சேத்து வெச்சா அசலுக்கும் மரியாதை போயிரும்.”

இளவழகனுக்கும் அந்தச் சந்தேகம்தான். ஆனாலும் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தார். ஷட்டருக்கான ஸ்பிரிங் அரிசியைவிடச் சின்னது. இரண்டு தடவை தெறித்து ஓடி, இரண்டு தடவையும் மனைவி சௌமியாதான் பிரிட்ஜுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் மதியம் பொத்தானை அழுத்தியதும் ‘டிக்’ என்றது. பல்லிகூட அதைவிடச் சத்தமாகக் கத்தும். அவர் மறுபடி மறுபடி அழுத்திக் கேட்டார்.

மேல் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். தீப்பெட்டியில் பாதி அகலம் இருக்கும் மங்கல் கண்ணாடிக்குள் வாசல் தெரிந்தது. கொடிக்கம்பி, அதற்குப் பின்னால் மலை. சௌமியா துணி காயப்போட இடப்பக்கம் நடந்தாள். கண்ணாடிக்குள் இருந்தவள் வலப்பக்கம் போனாள்.

“சௌமியா, அப்படியே நில்லு!”

“ஏனுங்க, ஈரத்துணியோடயா நிக்கச் சொல்றீங்க?” என்றபடி வந்து அவளும் எட்டிப் பார்த்தாள். “நம்ம ஊடுங்களா இது?” என்றாள் மெதுவாக.

அலமாரியில் இருக்கிற இருபத்து மூன்றும் ஒரு காலத்தில் இப்படித்தான் உலகத்தை வாங்கி வைத்துக்கொண்டிருக்கும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருடமாகத் தொட்டுத் துடைத்ததெல்லாம் வெறும் கூடு.

ஆவணியில் எருமப்பட்டிப் பக்கம் காளியாத்தாள் என்பவரின் காட்டில் வேலை. அறுபது வயதுக்காரர். ஏற்கெனவே இரண்டு குழி போட்டு இரண்டிலும் புழுதிதான். அறுநூறு அடி தாண்டியும் வெள்ளைப் பொடியே பறந்தது. அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். எழுநூற்று நாற்பதில் ஈரம் பட்டுப் பொடியின் நிறம் கறுத்தது. இளவழகன் லீவரைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு வண்டிக்குள் இருந்த கேமராவை எடுத்துக்கொண்டு ஓடினார்.

குனிந்தார். கண்ணாடிக்குள் சேறு எழும்பியது, பிறகு தண்ணீர். கம்ப்ரெஸர் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கைக்குள்ளோ சத்தமே இல்லாமல் பனைமர உயரத்துக்கு வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. எத்தனை ஆயிரம் குழி போட்டிருப்பார்! தண்ணீர் வருகிற நொடியில் அவர் கண் எப்போதும் பிரஷர் மீட்டரில்தான் இருக்கும். இப்போதுதான் பார்த்தார். ‘டிக்.’

பிலிமைக் கழுவப் பாலசுந்தரம் வீட்டுக் குளியலறைக்குத்தான் போக வேண்டியிருந்தது. மருந்து ஊற்றிய சின்ன டேங்கைத் திறந்து சொட்டச்சொட்டப் பாலசுந்தரம் பிலிமை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாக மாறி, கறுப்பு நெருப்பு மாதிரி தண்ணீர் நின்றது. ஓரமெல்லாம் மங்கல்தான். ஆனால் நடுவில் ஒவ்வொரு துளியும் தனித்தனி.

பாலசுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“எனக்கும் ஒன்னு வரவெச்சுக் குடுங்க. நீங்களே பூட்டிக் குடுத்துருங்க, என்னோட கை நடுங்கும்.”

பெரிதாகப் பிரிண்ட் போட்டு இளவழகன் எருமப்பட்டிக்கே கொண்டுபோனார். காளியாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். படத்தின் ஒரு ஓரத்தில், வரப்பிலிருந்து பாதி எழுந்த நிலையில், வாய் திறந்து வானத்தைப் பார்த்தபடி அவரும் இருந்தார். இளவழகனே பிரிண்டில்தான் அதைக் கவனித்திருந்தார்.

காளியாத்தாள் தன்னைப் பார்க்கவில்லை. விரலால் துளிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“ஏஞ்சாமி, கீழ உழுகாம எப்படி நிக்குது இது?”

ஷட்டர் திறந்து மூடுவது நூற்றில் ஒரு பங்கு நொடிதான் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லத் தோன்றவில்லை.

“எனக்கும் தெரீலீங்கம்மா,” என்றார்.