ரோலி வானெக்கும் ஒரு கெஜமும்

ரோலி வானெக் எங்கள் ஊர்க்காரன். 1967 மார்ச் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, வெஸ்லோ ஆஸ்பத்திரியில் பிறந்தான். அப்படியிருந்தும் நான்கு வருஷம் எங்களை எதிர்த்து ஓடினான். ஆற்றுக்கு அக்கரையில் பதினெட்டு மைல் தள்ளி இருக்கும் ஹாட்லாக் கல்லூரிக்காக, ஊதா ஜெர்சியில், எண் 23. எங்கள் ஊரில் ஊதா நிறத்தில் ஜன்னல் திரைகூட யாரும் வாங்குவதில்லை. கடைக்காரர் ஒருமுறை வரவழைத்து, மூன்று வருஷம் கழித்துப் பழுப்புச் சாயம் ஏற்றி விற்றார்.

நான் வெஸ்லோ கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியின் கணக்கை, மைதானத்துக்கு மேலே ஒரு மரக்கூண்டில் உட்கார்ந்து, முப்பத்தொன்பது பருவங்கள் எழுதினேன். எங்கள் மைதானத்தில் ஆட்டம் என்றால் எதிரணியின் கணக்கையும் நாங்களே எழுதவேண்டும். ஆகவே ரோலி எங்கள் புல்லில் ஓடிய ஒவ்வொரு கெஜமும் என் பென்சிலால் ஏறியதுதான்.

அவன் வேலை எளிமையானது. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் பதினொரு பேரைக் கடந்து ஓடவேண்டும். முன்னால் எத்தனை கெஜம் போனானோ அது அவன் பெயரில் ஏறும். ஒவ்வொரு முறையும் பந்து கிளம்பும் கோட்டுக்குப் பின்னால் விழுந்தால் அத்தனை கெஜம் கழியும். ஏறுவது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கழிவது கணக்கு எழுதுகிறவனுக்கு மட்டும்தான்.

அவன் அப்பா எட் வானெக் இறைச்சிக்கடை வைத்திருந்தார். பண்ணைக்காரர்கள் கொண்டுவரும் பன்றியை வெட்டி, வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, உறைய வைத்துக் கொடுக்கும் கடை. ஏழு வயதிலிருந்து ரோலிதான் வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோவான். மேப்பிள் தெருவில் அப்போது கட்டாத நாய்கள் நான்கு. கையில் இறைச்சியோடு நின்றால் போச்சு என்று அவன் கால்கள் அந்த வயதிலேயே தெரிந்துகொண்டன. துரத்துகிற எதையும் அவை நின்று பார்த்ததில்லை. இது பின்னால் வரும்.

ஊர்ப் பள்ளி அணிக்காக ஓடியவன் எங்கள் கல்லூரிக்கு வருவான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 1985 பிப்ரவரியில் எங்கள் கோச் ரெட்லிங், தன் அரைப் பன்றியை வாங்க வானெக் கடைக்குப் போனார். பொட்டலம் சுற்றிக்கொண்டிருந்த ரோலி தானாகவே கேட்டுவிட்டான்.

"கோச், செப்டம்பர்ல நான் உங்ககிட்ட வரலாமா?"

ரெட்லிங் அவனைக் கல்லாமேடைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "வா தம்பி. ஆனா ஒண்ணு சொல்லு. நீ பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடுவியா, பந்து உன்னைத் தூக்கிக்கிட்டு ஓடுமா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரோலியும் சிரித்தான். மறுநாள் காலை ஹாட்லாக்குக்குத் தொலைபேசியில் பேசினான். ஹாட்லாக் கையேட்டில் அவன் உயரம் ஐந்தடி எட்டங்குலம் என்று அச்சிட்டிருப்பார்கள். அது தவறு. கடையின் குளிர் அறைக் கதவில் அவன் அப்பா போட்ட பென்சில் கோட்டை நான் அளந்திருக்கிறேன். ஐந்தடி ஐந்தேகால்.

அந்த நவம்பரில் ஹாட்லாக் எங்களை 20–7 என்று தோற்கடித்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் கடைக்கு வந்த ரோலி, ஊருக்குப் போகும் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் 'பன்றித் துண்டு, ஆறு' என்று எழுதி, அதற்குக் கீழே '20–7' என்றும் எழுதினான். சனவரி, பிப்ரவரி, மார்ச் என்று எங்கள் ஊரில் யார் உறைபெட்டியைத் திறந்தாலும் தோல்வி முகத்தில் அடித்தது. பாதிரியார் வீட்டில் அது ஈஸ்டர் வரை இருந்தது. அடுத்த வருஷம் 17–14. அதற்கடுத்து 31–9. ரெட்லிங் இறைச்சிக்கு வேறு ஊர் போக ஆரம்பித்தார்.

ரோலியின் கிண்டலை அதிகம் வாங்கியவர் வெர்ன் ஓல்ட்மன். ஊரின் ஒரே முடிதிருத்துபவர். 1961இல் வெஸ்லோவுக்காக ஒரே பருவத்தில் 1,412 கெஜம் ஓடியவர். எங்கள் வட்டாரக் கல்லூரிகளில் அதை யாரும் தாண்டவில்லை. கடை நாற்காலிக்கு எதிர்ச்சுவரில், பந்தோடு நிற்கும் அவருடைய படம். கீழே பித்தளைத் தகட்டில் 1,412. முடி வெட்டிக்கொள்கிறவன் அதைப் பார்க்காமல் இருக்கமுடியாது.

1988 ஆகஸ்டில், கடைசி வருஷம் தொடங்குமுன், ரோலி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் அடுத்த முறைக்காகக் காத்திருந்தேன்.

"மாசாமாசம் உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு முடிவெட்டிக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து, வெர்ன்?"

"கண்ணை மூடிக்கோ. இல்ல, நீ எட்டறதுக்காக நாற்காலியில போட்ட பலகையை எடுத்துடறேன். உன் உசரத்துக்குப் படம் தெரியாது."

"இந்த வருஷம் நான் அதைத் தாண்டிட்டா?"

"தாண்டினா உன் படத்தை மாட்டறேன்."

"ஊதா ஜெர்சியோட?"

கத்திரி நின்றது. கடையில் ஐந்து பேர் இருந்தோம்.

"ஊதா ஜெர்சியோட," என்றார் வெர்ன். "என் படத்தைக் கழட்டிட்டு, அதே ஆணியில. ஆனா சமமா வந்தா கிடையாது. ஒரு கெஜமாவது அதிகம் வேணும்."

அன்றிலிருந்து அந்த ஆணிதான் ஊரின் பேச்சு. ரோலி சனிக்கிழமைதோறும் ஓடினான். திங்கட்கிழமை செய்தித்தாளை வெர்ன் மடித்து மறைத்துவைப்பார். நவம்பர் பன்னிரண்டு, சனிக்கிழமை, கடைசி ஆட்டத்துக்கு ஹாட்லாக் எங்கள் மைதானத்துக்கு வந்தபோது ரோலி 1,316இல் இருந்தான். படம் ஏற இன்னும் 97 வேண்டும்.

வெர்ன் அந்த வாரமே எங்கள் பையன்களிடம் சொல்லிவைத்தார்: ரோலியைக் கோட்டுக்குப் பின்னால் வீழ்த்துகிறவனுக்கு முடிவெட்டு இலவசம். இதை முக்கியமாகக் காதில் வாங்கியவன் பர்டெட் கிளாசன். இருநூற்று எழுபது பவுண்டு, தோள்வரை முடி. நன்றித் திருநாளுக்கு இந்தத் தலையோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவன் அம்மா கடிதம் எழுதியிருந்தாள்.

ஆட்டம் நிற்கும் இடத்தைக் காட்ட எண் தகடு வைத்த கோல் ஒன்றைப் பக்கக்கோட்டில் ஒருவர் பிடித்து நிற்பார். உள்ளூர்க்காரர்தான் பிடிக்கவேண்டும். எங்கள் ஊரில் பத்தொன்பது வருஷமாக அது வெர்ன். நிற்கும் இடமோ எதிரணியின் பெஞ்சுக்கு முன்னால். ஆக, தன் 1,412ஐ ரோலி தின்னத் தின்ன, கோலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடக்கவேண்டியவர் அவரேதான். கோல் பிடிப்பவர் கத்தக்கூடாது, கைதட்டக்கூடாது என்று விதி. பேசக்கூடாது என்று விதியில் இல்லை. இருவரும் பேசியதைப் பின்னர் இருவரிடமும் தனித்தனியே கேட்டேன். ஒத்துப்போனதை மட்டும் எழுதுகிறேன்.

"சீக்கிரம் நடங்க வெர்ன், அஞ்சு கெஜம்."

"நாலரை."

"மேல கூண்டுல அஞ்சுன்னு போட்டிருப்பாரு."

போட்டிருந்தேன்.

"முட்டி வலிக்குதா? வேணும்னா சின்னச் சின்னதா ஓடறேன்."

"நீ ஓடறதே சின்னதாத்தான். புல்லு வெட்டாம விட்டிருந்தா உன்னைத் தேடணும்."

மழை பெய்து ஓய்ந்திருந்தது. மூன்றாம் பகுதி முடிவில் ரோலி இருபத்தைந்து ஓட்டத்தில் 89 கெஜம். நான்காம் பகுதியில் ஆறு நிமிஷம் பாக்கி இருந்தபோது வலப்பக்கம் வந்தான், மூன்று பேரை ஏமாற்றினான், பதினான்கு கெஜம் போனான். 103. பருவத்தில் 1,419. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஹாட்லாக் பக்கம் இரைந்தது. எங்கள் பக்கம் இருமினார்கள். வெர்ன் கோலைத் தூக்கிக்கொண்டு பதினான்கு கெஜம் நடந்து நட்டார்.

ஹாட்லாக் கோச் விவரமானவர். கெஜம் கழியும் என்பது தெரிந்தவர். உடனே ரோலியை வெளியே எடுத்து உட்காரவைத்தார். அத்தோடு விஷயம் முடிந்திருக்கவேண்டும்.

கடைசி இருபது வினாடி. 24–13, ஹாட்லாக் முன்னால். பந்து அவர்களிடம், எங்கள் முப்பத்தெட்டாம் கெஜத்தில். யாராவது பந்தை வாங்கி முழங்காலை மண்ணில் ஊன்றினால் ஓட்டம் அங்கேயே நின்று, மிச்ச நேரமும் கழிந்து, ஆட்டம் முடியும்.

"கோச், அதை நானே ஊன்றிட்டு வரேன். காலேஜ்ல என் கடைசி ஆட்டம், அப்பா கேலரியில உக்காந்திருக்காரு."

"போ. முட்டியை ஊன்று. வேற ஒரு மண்ணும் பண்ணாத."

போகிற வழியில் வெர்னுக்குப் பக்கத்தில் நின்றான்.

"ஏழு கெஜம் அதிகமா இருக்கேன், வெர்ன். ஏழு ரொம்ப அதிகம்."

"என்னடா சொல்ற?"

"ஏழுன்னா ஒழுங்கா தோத்தோம்னு நிம்மதியாத் தூங்கிடுவீங்க. ஒண்ணுன்னா? ராத்திரி மூணு மணிக்கு முழிச்சுக்கிட்டு, அந்த ஒரு கெஜத்தை 1961ல எங்க விட்டோம்னு தேடுவீங்க. ஆறைத் திருப்பிக் குடுத்துட்டு வரேன்."

பந்தை வாங்கினான். எல்லோரும் நிமிர்ந்து நின்றுவிட்டார்கள், ஆட்டம் முடிந்தது என்று. ரோலி பின்னால் நடந்தான். ஒன்று, இரண்டு என்று வாயசைத்து எண்ணினான், வெர்னைப் பார்த்துக்கொண்டே. ஆறாவது அடியில் திரும்பி, தொப்பி கழற்றுவதுபோலக் குனிந்தான். முழங்கால் மண்ணில் படவேண்டும். ஒரு கை அகலம்தான் பாக்கி.

பர்டெட் கிளாசனுக்கு அப்போதுதான் அம்மாவின் கடிதம் ஞாபகம் வந்தது. கோட்டுக்குப் பின்னால் ரோலி, தனியாக, நின்றுகொண்டு. எருது கிளம்புவதுபோல அவன் கிளம்பினான்.

ரோலி நிமிர்ந்து பார்த்தான். அப்படியே விழுந்திருந்தால் போதும். 1,413, படம், ஆணி, எல்லாம் அவனுடையது. ஆனால் கையில் பொட்டலம் இருந்தது, எதிரே ஒன்று துரத்தி வந்தது. கால்கள் அவனைக் கேட்கவில்லை. திரும்பி ஓட எடுத்துவைத்த இரண்டாவது அடியில் சேற்றில் வழுக்கி, முகம் குப்புற விழுந்தான். பர்டெட் மேலே போய் மெதுவாகப் படுத்துக்கொண்டான். நேரம் முடிந்ததற்கான துப்பாக்கி வெடித்தது. ஆட்டம் முடிந்தது.

முடிந்தபிறகு கோலை நகர்த்தவேண்டியதில்லை. வெர்ன் நகர்த்தினார். பின்னோக்கி நடந்துபோய், ரோலியின் வயிற்றுக்கு நேராகப் பந்து கிடந்த இடத்தில், நாற்பத்தாறாம் கெஜத்தில் நட்டார். அவர் முகத்தை நான் தொலைநோக்கியில் பார்த்தேன். விதிப்படி அவர் கைதட்டவில்லை.

எட்டு கெஜம் நஷ்டம். அன்றைக்கு 95. பருவத்துக்கு 1,411. மூன்று தடவை கூட்டினேன்.

எங்கள் கூண்டுக்கு இருபத்திரண்டு மரப்படிகள். ரோலி சேற்றுக் காலோடு ஏறிவந்தான். பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வெர்ன், கோலைக்கூட விடாமல்.

"எத்தனை, மிஸ்டர் நார்பெக்?"

"எட்டு."

"ஏழுன்னு போடுங்களேன். ரெண்டு பேரும் சமமா இருந்துட்டுப் போறோம். வெர்னுக்கும் வயசாச்சு."

"எட்டு," என்றேன்.

வெர்ன் வாயைத் திறக்குமுன் ரோலியே சிரித்துவிட்டான். கண்ணைத் தவிர மற்றதெல்லாம் சேறு. "எட்டுதான். விழுந்தவன் நான், எனக்குத் தெரியாதா? நீங்க மாத்துவீங்களான்னு பாத்தேன்."

"ஆறைக் குடுக்கறேன்னு சொல்லிட்டு எட்டைக் குடுத்திருக்கான்," என்றார் வெர்ன். "இவ்வளவு தாராளமான பையனை நான் பாத்ததே இல்ல."

"படம்?"

"ஆணி நல்லா உறுதியா இருக்குடா. நீ கவலைப்படாத."

ரோலி படிகளில் இறங்கினான். பதினெட்டாவது படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து அப்பாவைத் தேடிப் போனான். வியாழக்கிழமை பர்டெட்டின் தலை, ஊரே பார்க்க, இலவசமாகச் சுத்தமானது.

இது நடந்து பதினாறு வருஷம் ஆகிறது. ரோலிக்கு இப்போது முப்பத்தேழு வயது. கடை அவன் பொறுப்பில். மனைவி ஜோலீன், பெண் பிள்ளைகள் இருவர். பெரியவள் நான்காம் வகுப்பிலேயே அவன் தோளைத் தாண்டிவிட்டாள். 1,412 இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. மாதத்துக்கு ஒரு முறை அவன் அதன் எதிரே உட்காருகிறான். வெர்ன் ஒழுங்காக வெட்டிவிட்டு, இடது காதுக்குப் பின்னால் ஒரே ஒரு கற்றையை மட்டும் விட்டுவைக்கிறார். ஜோலீன் வீட்டில் அதைக் கத்தரிக்கிறாள்.

வெர்ன் சனிக்கிழமைதோறும் ஒரு டஜன் சாசேஜ் வாங்குவார். பொட்டலத்தின் மேல் 'பன்னிரண்டு' என்று எழுதியிருக்கும். உள்ளே பதினொன்றுதான் இருக்கும். காசும் பதினொன்றுக்குத்தான் வாங்குவான்.

"டேய், ஒண்ணு குறையுது."

"அப்படியா? ராத்திரி மூணு மணிக்கு முழிச்சுத் தேடிப் பாருங்க."

போன வசந்தத்தில் வெர்னுக்கு ஒரு யோசனை தோன்றியது. பதின்மூன்று கேட்டார். கடைக்கு வெளியிலேயே பிரித்து, என்னைச் சாட்சி வைத்து எண்ணினார். பன்னிரண்டு இருந்தது. ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு தெருவைக் கடந்தார். பாதித் தெருவில் நின்று, பொட்டலத்தின் மேல் எழுதியிருந்த 'பதின்மூன்று' என்பதைப் படித்தார். திரும்பவும் எண்ணினார்.