டூத், அப்புறம் பிரஷ்

பேருந்துகளில் ஏறி டூத்பிரஷ் விற்பவருக்கு முன்பல் போனால் பிழைப்பு என்ன ஆகும்? ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டதில் வாய் கம்பியில் மோதி, பல்லழகர் என்று நடத்துநர்கள் கூப்பிடும் அந்த மனிதருக்கு மேல்வரிசை முன்பற்கள் போய்விட்டன. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவருக்கு வாயை விட்டால் வேறு முதல் கிடையாது.

புதுப் பல் செட்டில் சிரிப்பு அழகாகத்தான் இருந்தது. பேச்சுதான் காலை வாரியது. 'டூ' என்று தொடங்கினால் பின்னாலேயே ஒரு சீழ்க்கை கிளம்பி 'பிரஷ்' அமுங்கிப்போகும். முதல் பேருந்திலேயே ஒரு பயணி கேட்டார்.

"யாருங்க விசில் அடிக்கிறது? ஸ்டாப்பே வரலையே."

பேருந்தே சிரித்தது.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக அந்த வார்த்தையை முனகிக்கொண்டே நடந்தார்.

"உக்காருங்க. நீங்க நடக்கிற நடையில என் தையல் கோணுது" என்றாள், தையல் மெஷினிலிருந்த மனைவி. "பேசாம சீப்பு விக்கலாமே. வாய்க்குச் சிரமமே இல்ல."

சுருக்கென்றது. பதில் சொல்ல வாயைத் திறந்தார், செட் நழுவியது. மூடிக்கொண்டார்.

மறுநாள், பல் செட் செய்து கொடுத்த பெண்ணிடம் போய் நின்றார்.

"சொல்லுங்க, கேப்போம்."

"அந்த வார்த்தைய விட்டுட்டு வேற எது வேணா சொல்றேன்."

"எனக்கு அதுதான் வேணும்."

சொன்னார். மேசையிலிருந்த காகிதம் படபடத்தது. அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டாப் பிரிங்க. டூத்துன்னு சொல்லி நில்லுங்க. அப்புறம் பிரஷ்."

'த்' சொல்ல நாக்கு நுனி பல்லைத் தொடும் இடத்தில்தான் காற்று ஒழுகியது. "பிரஷ் மேல பழி இல்ல" என்று செட்டை வாங்கி உட்புறத்தைத் தேய்த்துக் கொடுத்தாள். மாட்டினார், சொன்னார், மறுபடி கழற்றினார். நடுநடுவே நாற்காலியை விட்டு எழுந்து நடந்தார்.

"இப்ப சேத்துச் சொல்லுங்க. முதல் பாதியில அழுத்தம். ரெண்டும் சேந்து ஒரே பேருங்க."

"டூத்பிரஷ்."

சீழ்க்கை மெலிந்திருந்தது, முழுதாகப் போகவில்லை. மீதியை நாக்குதான் பழக வேண்டும் என்றாள்.

அன்றே பையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறிக் குரல் கொடுத்தார். யாரும் நிமிரவில்லை. ஜன்னலோரப் பெண் ஒருத்தி மட்டும், "டூத்பிரஷ் பெரியவங்களுக்கா, பசங்களுக்கா?" என்றாள்.

"ரெண்டும் இருக்கும்மா."

அவள் வாங்கவில்லை. அதனால் என்ன, வார்த்தை அவள் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் இறங்கி, அடுத்த பேருந்து நிற்பதற்குள் அதன் படியில் காலை வைத்தார்.