கொட்டகையில் போட்ட இலை

புதிதாக ஒருவரைப் பார்த்தால் அவர் என்ன ஆள் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு அந்த நாளில் சோறு இறங்காது. பெயரைக் கேட்பேன், ஊரைக் கேட்பேன், குலசாமியைக் கேட்பேன். அதிலும் பிடிபடாவிட்டால் தாய்மாமன் ஊரைக் கேட்பேன். நாசூக்காகக் கேட்பதாக எனக்கு நினைப்பு. கொடைக்கானல் மலைக்கிராமமான கவுஞ்சியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தப்பென்று யாரும் சொல்லித் தந்ததில்லை. எங்கள் ஊருக்குள் வருகிற அந்நியனை உட்காரச் சொல்வதா, நிற்க வைத்தே பேசி அனுப்புவதா என்பது இந்தக் கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்துத்தான் இருந்தது. என்னையே யாராவது திருப்பிக் கேட்டால் மட்டும் "விவசாயக் குடும்பம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

அறுபதுகளின் நடுவில் கொடைக்கானலில் மிஷன்காரர்கள் நடத்திய ஒரு விவசாயப் பயிற்சிப் பள்ளியில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். தபால் பிரிப்பதும் என் வேலைதான். அங்கே இரண்டு வருடப் படிப்புக்கு நைஜீரியாவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருக்கும் என் வயதுதான் இருக்கும். ஒரே அறை, கம்பளிகள் வைக்க ஒரே பெட்டி, குளிருக்கு ஒரே புலம்பல். ஒருவர் குளித்துவிட்டு வருவதற்குள் மற்றவர் அவருக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வைத்திருப்பார். ஏரியைச் சுற்றி நடக்கும்போது ஒருவர் சொன்ன கதைக்கு மற்றவர் சிரிக்கிற சிரிப்பு அக்கரை வரைக்கும் கேட்கும். அப்படி ஒரு சிநேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இவர்களையும் நான் விட்டுவைக்கவில்லை. உயரமானவரின் கன்னத்தில் பக்கத்துக்கு மூன்றாகக் கோடு கீறியிருந்தது. அது என்னவென்று கேட்டேன். தன் வம்சத்து அடையாளம் என்றார். அவர் யொரூபா இனம். பாட்டனார் ஒரு சிற்றூருக்கு ராஜா. முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்களே, நமக்கு இந்த வசதி இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர் கட்டையான உருவம், கண்ணாடி போட்டவர். அவர் இக்போ. "உங்கள் ஊரில் ராஜா யார்?" என்றேன். "எங்கள் ஊரில் ராஜாவே கிடையாது. எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம்" என்றார் பெருமையாக. அவர் பெருமையாகச் சொன்னது என் காதில் குறையாக விழுந்தது. இருவரின் பேச்சும் வேறு வேறாம். அதனால் தங்களுக்குள் இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டார்கள். என் மனதில் கணக்கு முடிந்துவிட்டது. ஒருவர் ஒசத்தி, ஒருவர் ஒரு படி கீழே.

அறுபத்தாறாம் வருடப் பொங்கலுக்கு இருவரையும் ஊருக்குக் கூட்டிப்போனேன். ஊரிலிருந்து காய்கறி ஏற்றி வந்த லாரி காலியாகத் திரும்பியபோது அதில் ஏறிப் போனோம். வழியெல்லாம் படிக்கட்டு வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் யொரூபாக்காரர் என் அம்மா முன்னால் சட்டென்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பெரியவர்களை வணங்குவது அவர்கள் வழக்கம் அப்படித்தானாம். அம்மா பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. இக்போக்காரர் தலையை மட்டும் லேசாகத் தாழ்த்தி கையை நீட்டினார். அந்தக் கையை என்ன செய்வதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

அடுப்படியில் அம்மா என்னிடம் கேட்டாள்.

"ஏலே, ரெண்டு பேரும் ஒரே ஆளுகளா?"

"இல்லம்மா, வேற வேற."

"பொண்ணு குடுத்து எடுப்பாங்களா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "மாட்டாங்க" என்றேன்.

"அப்ப ஒரே பந்தியில எப்படி எலை போடுறது? வந்த எடத்துல அந்த ராசா வீட்டுப் புள்ளை சங்கடப்படக் கூடாதுல்ல. யாருக்கு எங்க போடட்டும், நீயே சொல்லு."

மலைக்குக் கீழே பண்ணைக்காட்டிலிருந்து அண்ணன் வாங்கி வந்திருந்த வாழை இலைகள் அடுக்கிக் கிடந்தன. "ஒருத்தருக்கு உள்ள போடு. கண்ணாடி போட்டவருக்குக் கொட்டகையில போடு" என்றேன். சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.

கொட்டகை என்பது வாசலுக்கு எதிரே நாங்கள் பூண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் புகை போடுகிற இடம். எங்கள் காட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்கு அங்கேதான் சோறு போடுவோம். வேறு ஆளுகள் அதைத் தாண்டி வரமாட்டார்கள்.

"உள்ள வாங்க ராசா" என்று அம்மா ஒருவரைக் கூட்டிப்போனாள். அண்ணி மற்றவரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். இரண்டு இலையிலும் ஒரே மொச்சைக் குழம்பு, ஒரே வள்ளிக்கிழங்கு. அம்மா வஞ்சகம் செய்கிறவள் இல்லை. இக்போக்காரர் கிழங்கைப் பார்த்து, எங்கள் ஊரிலும் அறுவடைக்கு இந்தக் கிழங்கைத்தான் வைத்துக் கும்பிடுவோம் என்று அண்ணியிடம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை.

உள்ளே உட்கார்ந்தவர் பக்கத்தில் சிநேகிதர் வருவார் என்று பார்த்தார். வரவில்லை. எழுந்து வெளியே வந்தார். கொட்டகையில் பூண்டுக் கட்டுகளுக்குக் கீழே சிநேகிதர் சாப்பிடுவதைப் பார்த்தார். நேரே போய் அவருக்கு எதிரே சப்பணமிட்டு, அதே இலையில் கையை வைத்தார். "உள்ளே போ, ராசா" என்று இக்போக்காரர், அம்மா சொன்னதில் தனக்குத் தெரிந்த 'போ'வைச் சேர்த்துத் தமிழில் சொன்னார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வருகையில் லாரியில் இக்போக்காரர் என்னிடம் கேட்டார், அந்த இடத்தில் வழக்கமாக யார் உட்காருவார்கள் என்று. வேலைக்கு வருகிறவர்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் விவசாய வேலை கற்கத்தானே வந்திருக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தார். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சிரித்தார். எனக்கு அது தெரிந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் அவர்கள் நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது என்று சில நாள் கழித்து ரேடியோவில் கேட்டோம்.

அதன்பிறகு பல மாதம் அது ஒரு வேடிக்கையாகவே ஓடியது. சாப்பாட்டுக் கூடத்தில் நல்ல இடம் கிடைத்தால் "உள்ளே போ, ராசா" என்று ஒருவர் தள்ளுவார், மற்றவர் நெஞ்சை நிமிர்த்திப் போவார்.

மழைக்காலம் பிறந்தபோது செய்தி மோசமாயிற்று. அவர்கள் நாட்டின் வடக்குப் பகுதியில் இக்போ மக்களைத் தேடித் தேடிக் கொல்கிறார்கள் என்று ரேடியோ சொன்னது. கண்ணாடிக்காரரின் அண்ணன் அங்கே ஒரு ஊரில் ரயில்வேயில் வேலை பார்த்தார். தம்பியை இங்கே அனுப்பிப் படிக்க வைத்ததே அவர்தான். மாதம் தவறாமல் வருகிற அவர் கடிதம் நின்றுபோயிற்று. தபால் பை வந்ததும் நான் பிரிப்பதற்கு முன்பே கண்ணாடிக்காரர் வந்து மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பார். யொரூபாக்காரருக்கு வீட்டிலிருந்து கடிதம் வந்துகொண்டுதான் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க எனக்கே கூச்சமாக இருக்கும். பிறகு அவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்து, இவர் போனபின் அவரிடம் கொடுத்தேன்.

"உன் அண்ணன் ஊர்ப் பக்கம் போயிருப்பார். ரயில் ஓடவில்லை, கடிதமும் வராது" என்று யொரூபாக்காரர் தேற்றிக்கொண்டே இருந்தார். கண்ணாடிக்காரர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அந்த நம்பிக்கையிலாவது நாள் போயிருக்கும். நான் சும்மா இருந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் தபால் மேஜையில் கண்ணாடிக்காரரிடம் கேட்டேன், "இந்தச் சண்டையில் உன் சிநேகிதருடைய ஆட்கள் யார் பக்கம்?"

"இன்னும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாயா?" என்றார்.

மறுநாள் மத்தியானம் தட்டில் சோற்றை வாங்கிக்கொண்டு கூடத்துக்கு வெளியே போய், விறகு அடுக்கியிருந்த படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்கடுத்த நாளும் அங்கேதான். யாரும் அவரை அங்கே உட்காரச் சொல்லவில்லை. யொரூபாக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அவர் எழுந்து போவார் என்று நான் ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். போகவில்லை. போனால் என்ன சொல்வதென்று தனக்குத் தெரியவில்லை என்று பின்னால் சொன்னார்.

கடைசியில் கண்ணாடிக்காரருக்கு அண்ணன் மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. பல கை மாறி வந்த கசங்கிய உறை. என் மேஜைக்கு முன்னால் நின்றுதான் படித்தார். அண்ணனை ரயில் நிலையத்திலேயே கொன்றுவிட்டார்கள். அண்ணியும் பிள்ளைகளும் எப்படியோ ஊர் வந்து சேர்ந்திருந்தார்கள். இதை அவர் நிதானமாக, டிக்டேஷன் கொடுக்கிற மாதிரி எனக்குச் சொன்னார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மணிக்குப் போனார். தட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை.

நான்தான் உள்ளே போய் யொரூபாக்காரரிடம் சொன்னேன். அவர் தட்டோடு எழுந்தார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. படியருகே போய் நின்றார்.

"உள்ளே போ, ராசா."

அதே தமிழ். கண்ணாடிக்காரர் குரலில் கோபம்கூட இல்லை. உயரமானவர் தட்டில் மழை விழ விழ அப்படியே நின்றார். மணி அடித்து எல்லோரும் கலைந்தபோதும் நின்றுகொண்டிருந்தார்.

படிப்பு முடியுமுன்பே கண்ணாடிக்காரர் ஊர் திரும்பினார். அண்ணன் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்றார். பெட்டியை பஸ் வரைக்கும் யொரூபாக்காரர்தான் தூக்கி வந்தார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் எனக்கும் கையை நீட்டினார். அம்மாவிடம் நீட்டிய அதே கை. பிடித்துக்கொண்டேன், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த வருடம் அங்கே போரே வந்தது. அவரிடமிருந்து எங்கள் இருவருக்கும் ஒரு வரிகூட வரவில்லை.

அவர் போனதை அடுத்து வந்த பொங்கலுக்கு நான் மட்டும் ஊருக்குப் போனேன். அம்மா இலையைத் துடைத்துக்கொண்டே அந்தப் புள்ளைகள் எங்கே என்று கேட்டாள். ஒருவருடைய அண்ணனைக் கொன்றுவிட்டார்கள், அவர் ஊருக்குப் போய்விட்டார் என்றேன்.

"ஐயோ, யாரு? கொட்டகையில உக்காந்து சாப்பிட்ட புள்ளையா?"

"ஆமாம்மா."

அம்மா துடைப்பதை நிறுத்தினாள். கண் கலங்கி, வாசல் பக்கம் பார்த்தாள்.

"நீதானப்பா அங்க எலை போடச் சொன்ன" என்றாள்.