மன்னிப்புக் காட்சி இல்லாத கதை

நான் எழுதிய ஒரே அறிவியல் புனைகதையில் இரண்டு கோள்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் பதினோரு வருஷச் சண்டை. சண்டை ஓய்ந்த பிறகு, விண்வெளியில் மிதக்கும் ஒரு பழுதுபார்ப்பு நிலையத்தில் இரண்டு தரப்பு ஆட்களையும் மாற்றி மாற்றி வேலைக்குப் போடுகிறார்கள். அங்கே ஒருத்திக்கும் ஒருவனுக்கும் காதல் வருகிறது. அவள் செய்த காரியத்தால்தான் அவனுக்கு ஒரு கை போயிருக்கிறது. இதுதான் கதை. கடைசியில் இருவரும் ஒருவரை ஒருவர் மன்னிக்கிற மாதிரி ஒரு காட்சி வைத்தால் புத்தகத்தில் போடுகிறேன் என்று தொகுப்பாசிரியர் சொன்னார். அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதிலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அந்தக் கோள்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லியாக வேண்டும். இரண்டும் ஓசூரில்தான் இருந்தன.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. டிப்ளமோ முடித்த கையோடு பஸ் ஏறி ஓசூருக்கு வந்தேன். தகடு அடித்து வண்டி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டினேன். பெயர் டிரெய்னி. நாலு வருஷம் ஓட்டியும் டிரெய்னிதான். நாலு வருஷத்தில் கல்லூரியில் பட்டமே கொடுத்துவிடுவார்கள், எங்களுக்கு அடையாள அட்டையின் நிறத்தைக்கூட மாற்றவில்லை. வேலையை நிரந்தரமாக்கு என்று கேட்டு, கம்பெனி கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தோம்.

உள்ளே போகிறவர்களும் இருந்தார்கள். கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் வருவார்கள். சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கிவிட்டது என்று ரோட்டில் வண்டிகளை நிறுத்திய இரண்டு நாள் மட்டும் அந்த பஸ் வரவில்லை. அந்த இரண்டு நாளும் யானைக்கும் சேர்த்துக் கோஷம் போட்டோம்.

ஒரே ஒருவன் மட்டும் முகத்தை மூடாமல் பைக்கில் வருவான். அவனைத்தான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. செய்வது துரோகம், அதில் என்ன நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவது? ஒருநாள் பந்தலிலிருந்து எழுந்துபோய் வண்டிக்கு முன்னால் நின்று, "கருங்காலி" என்று கத்தினேன். வேலைநிறுத்தத்தை உடைக்கிறவனுக்கு அதைவிடக் கேவலமான பெயர் எங்களிடம் இல்லை.

அவன் வண்டியை நிறுத்தினான். "எங்கப்பன் ராகி வெதச்ச கொல்ல இது. நெலத்தக் குடுத்ததுக்கு வூட்டுக்கு ஒரு வேலன்னு குடுத்தாங்க. எங்கியோ இருந்து பஸ் ஏறி வந்துட்டு, என் கொல்லைக்குள்ள போவாதன்னு எனக்கே சொல்றியா?" என்றான்.

"கொல்லைய வித்தாச்சுல்ல? இப்ப அது மொதலாளி கொல்ல. எங்க வயித்துல மிதிச்சுத்தான் நீங்க உள்ள போறீங்க" என்றேன்.

அவன் தெலுங்கில் ஏதோ முனகிக்கொண்டு உள்ளே போனான். அவர்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், கம்பெனியில் தமிழ். எந்த மொழியில் திட்டினாலும் எனக்குப் புரியும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

நாற்பத்து மூன்றாம் நாள் போராட்டம் முடிந்தது. பாதிப் பேருக்கு நிரந்தரம் கிடைத்தது. அதைச் சங்கம் பாதி வெற்றி என்று நோட்டீஸ் அடித்தது, கிடைக்காதவர்கள் வேறு பெயர் வைத்தார்கள். எனக்குக் கிடைத்தது. உள்ளே போனவர்களை என்ன செய்வது என்று சங்கக் கமிட்டி கூடிப் பேசியது. பேச்சு கிடையாது, ஒரே மேஜையில் டீ கிடையாது, அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போவது கிடையாது என்று முடிவானது. கடைசியாக ஒன்றைச் சேர்த்தார்கள். அவர்களுக்கு நோட்டு எழுதுவதும் கிடையாது.

அந்த நோட்டு என்பது மெஷினுக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கும். ஷிஃப்ட் முடிந்து போகிறவர், மெஷின் எப்படி இருக்கிறது என்று அடுத்து வருகிறவருக்கு அதில் எழுதிவைக்க வேண்டும். எங்கள் ஊர்களில் ஒரு குடும்பத்தைத் தள்ளிவைத்தால் அடுப்புக்கு நெருப்புக்கூடக் கொடுக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்து பிரஸ் ஷாப்பில் இறக்கிவிட்டோம். செங்கொடி பிடித்த நாங்கள்தான் அதைச் செய்தோம், அப்போது யாருக்கும் அது உறைக்கவில்லை.

நிர்வாகம் என்ன நினைத்ததோ, பந்தலில் இருந்தவர்களையும் உள்ளே போனவர்களையும் ஒரே மெஷினில் அடுத்தடுத்த ஷிஃப்டில் போட்டது. என் பிரஸ்ஸில் எனக்குப் பிறகு மதியம் இரண்டரைக்கு வருகிறவன், அந்த ராகிக் கொல்லைக்காரன்.

பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன். இரண்டையும் ஒன்றாக அமுக்கினால்தான் பாரம் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது, அதற்காக வைத்த ஏற்பாடு. அன்று காலை இடது பட்டன் அமுங்கினால் அமுங்கியபடியே நின்றது, வலதை மட்டும் தொட்டாலே பாரம் இறங்கிவிடும். மெயின்டனன்ஸில் சொன்னேன், மத்தியானத்துக்கு மேல் பார்க்கிறோம் என்றார்கள். அதுவரைக்கும் பட்டன் மேல் ஒரு டேப்பை ஒட்டி, ஒவ்வொரு தடவையும் இழுத்து விட்டு ஓட்டினேன். இரண்டரைக்கு நோட்டில் எதுவும் எழுதவில்லை. அந்த டேப்கூடக் கருங்காலிக்குப் போகக் கூடாது என்று உரித்துக் கசக்கிப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

நாலு மணிக்குள் அவருடைய இடது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது. இந்த இடத்திலிருந்து அவரை அவர் என்றுதான் எழுதுவேன்.

விசாரணை வைத்தார்கள். கமிட்டிச் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தெரியாதுன்னு சொல்லு தோழர். நோட்டு எழுதலங்கறது கமிட்டி முடிவு, அத நாங்க பாத்துக்கறோம். தெரிஞ்சும் எழுதலன்னா அது உன் தலையில விழும்" என்றார். நான் தெரியாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பட்டன் எப்போதிலிருந்து ஒட்டுகிறது என்று விரல் போனவரைக் கேட்டபோது அவரும் தெரியாது என்றாராம்.

ஒரு மாசம் கழித்துக் கட்டோடு வேலைக்கு வந்தார். மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் நான் நோட்டை எடுத்து, "இடது பட்டன் ஒட்டும் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதவில்லை" என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன். அவர் அதை மேலே கொண்டுபோய்க் காட்டினால் அன்றோடு என் வேலை முடிந்தது. அடுத்த நாள் காலை அதற்குக் கீழே, "தெரியும். பட்டன் மேல டேப் பசை இருந்துச்சு" என்று இருந்தது. அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தெரிந்தும் ஏன் விசாரணையில் சொல்லவில்லை, எனக்குப் பிச்சை போடுகிறாரா? அதையே எழுதினேன். "உன்ன தூக்கிட்டாங்கன்னா அப்புறம் யாரத் திட்டறது?" என்று பதில் வந்தது.

அப்படியே பிடித்துக்கொண்டது. கமிட்டி முடிவை நான் தினமும் மீறினேன், அதுவும் எழுத்து மூலமாக. "அச்சு போல்ட்டை டைட் பண்ணியாச்சு. இருந்தாலும் கேட்டுக்குள் போனது தப்பு" என்று நான் எழுதுவேன். "ஆயில் கம்மியா இருக்குது. என் வெரலும் கம்மியா இருக்குது" என்று அவர் எழுதுவார். சூப்பர்வைசர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார், ஒரு வரியும் படித்ததில்லை. ஏழெட்டு மாசத்தில் மூன்று நோட்டு தீர்ந்தது. அந்த ஷாப்பில் அவ்வளவு ஒழுங்காக நோட்டு எழுதிய மெஷின் வேறு கிடையாது.

கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக வெளியே சந்தித்தோம். ஆற்றில் கழிவு நுரை வெள்ளை வெள்ளையாகப் பொங்கிக் கரைக்கு மேல் ஏறியிருந்தது. என் கதையில் வேற்றுக்கோளின் கடல் அதுதான், நான் எதையும் கற்பனை பண்ணவேண்டியிருக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

"கட்டிக்கலாமா?" என்றார்.

"கருங்காலியையா?"

"ஆமா. அந்தப் பேர மாத்தச் சொல்லி நான் கேக்கல."

சரி என்று சொன்னேன். வேறு எவனாவது முதலில் அந்தப் பெயரை வாபஸ் வாங்கச் சொல்லியிருப்பான்.

விஷயம் வெளியே வந்ததும் இரண்டு கோளிலும் தீப்பிடித்தது. அவர் வீட்டில், கொடி பிடித்தவள் நம் வீட்டுக்கு ஆக மாட்டாள், பையன் விரலையே வாங்கியவள் என்றார்கள். எப்படியோ அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. செயலாளர் என்னை டீக்கடைக்கு வரச் சொன்னார். "தோழர், இது நம்ம ஆளுங்கள காட்டிக்குடுக்கற வேல" என்றார்.

"நாப்பத்து மூணு நாள் பந்தல்ல உக்காந்தேன். காய்ச்சலோட உக்காந்தேன். நான் யாரக் கட்டிக்கணும்னு முடிவு பண்ற அதிகாரத்த எந்த மீட்டிங்ல உங்களுக்குக் குடுத்தோம்?" என்று கேட்டேன்.

அவர் டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. இரண்டு பக்கமும் யாரும் வரவில்லை. சாட்சிக் கையெழுத்துக்கு, எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த கன்னடக்காரரையும் அவர் மனைவியையும் கடைப் பையனையும் கூப்பிட்டுக்கொண்டோம். சங்கத்தில் நான் இன்றைக்கும் உறுப்பினர்தான், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் கூட்டத்துக்குப் போய் முன் வரிசையில் உட்காருவேன்.

நேராக எழுதினால் இருவர் வேலையும் போகும் என்பதால் எங்கள் கதையை விண்வெளிக்குக் கொண்டுபோய் எழுதினேன். இப்போது அந்த கம்பெனியே மூடிவிட்டது. நாங்கள் போச்சம்பள்ளிப் பக்கம் வந்து, ஆளுக்கொரு கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறோம். பத்து வருஷமாகத் திருப்பித் திருப்பி எழுதி, பல இடங்களுக்கு அனுப்பி, பதிலே வராமல் கிடந்த கதை அது. எனக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான், அட்டை போட்ட ஒரு புத்தகத்தில் என் கதை வர வேண்டும். போன வருஷக் கடைசியில் அந்தத் தொகுப்பாசிரியர் போன் செய்து, கதை பிரமாதம் என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒரே ஒரு சீன் மட்டும் சேருங்க. அவள் அழுது மன்னிப்புக் கேக்கறா, அவன் மன்னிக்கறான். அவனும் போர்ல செஞ்சதுக்கு வருத்தப்படறான். ரெண்டு பக்கம் போதும்" என்றார்.

எனக்கு வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதினேன். விடுமுறை நாளில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது, எனக்கே கண் கலங்கியது. வீட்டில் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார்.

"யாருன்னா? கதாநாயகன்."

"நான் எப்ப மன்னிச்சன்?"

மழைக்காலத்தில் அந்த விரல் இருந்த இடம் அவருக்கு வலிக்கும். வலிக்கும்போது என்னோடு பேச மாட்டார், நானும் கிட்டப் போக மாட்டேன். போராட்டத்தில் வேலை போய் ஊருக்குத் திரும்பிய என் தோழிகளை நினைக்கிற நாளில் நான் அவருக்குச் சோறு போட்டு வைத்துவிட்டுத் தனியாகத்தான் சாப்பிடுவேன். அன்றைக்கு அவரும் ஏன் என்று கேட்க மாட்டார். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. பிரிய வேண்டும் என்று ஒருநாளும் இருவருக்கும் தோன்றியதில்லை. அந்த மனுஷன் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கப் பத்து நிமிஷம் தாமதமானால் என் கை கால் ஓடாது.

இதை விட்டுவிட்டு இரண்டு பக்கம் அழுகையை எழுதியிருக்கிறேன் என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த இரண்டு பக்கத்தையும் அழித்தேன். மறுநாள் மாலை தொகுப்பாசிரியருக்கு போன் செய்து, அந்தக் காட்சி வராது என்றேன்.

"மன்னிப்பே இல்லாம அது எப்படிங்க காதலாகும்? வாசகர் நம்ப மாட்டாங்க" என்றார்.

"நம்ப வேண்டாம் மேடம். சண்ட போட்டவங்க எல்லாரும் கடைசில கட்டிப்புடிச்சு அழணும்னு யார் சட்டம் போட்டது? அவன் பண்ணது தப்பு, அவ பண்ணது அதவிடப் பெரிய தப்பு. ரெண்டும் அப்படியேதான் இருக்கு. அதோடயே ஒரு வீட்டுல இருக்க முடியும். நான் இருக்கேன்."

மாற்ற மனம் வந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு கதை இருக்கிறது என்றார். வேறு கதையையே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி போனை வைத்தேன்.

அவர் வாசலில் ஷூவைக் கழற்றியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தார்.

"வுட்டுட்டியா? பத்து வருசமா இதுக்குத்தான கெடந்த?"

"விட்டுட்டேன்."

"எனக்காவவா?"

"உங்களுக்காக இல்ல. நான் இன்னும் உங்கள மன்னிக்கல, அதான்."

"நானுந்தான்" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் என்னிடம் சொன்ன காதல் வார்த்தை அது ஒன்றுதான்.