மாமாவின் கடைசிக் கடிதத்தை நான் படித்த விதம்

எங்கள் வீட்டில் மலாய் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். பெடாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அப்பா லாரி ஓட்டினார், அம்மா பால்மரம் வெட்டினார். அம்மாவுக்குத் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். அப்பாவுக்கு அதுவும் இல்லை. ஐந்தாம் ஆண்டு படித்த என் கைக்குத்தான் எல்லாக் கடிதமும் வரும். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

கடிதம் எழுதுபவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. தாயில்லாத பிள்ளையை அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தார். பதின்மூன்று வயதில் ராணுவப் பள்ளி விடுதிக்குப் போனவர் தமிழ் எழுதுவதை அங்கேயே விட்டுவிட்டார். அவர் கேப்டன் ஆனதும் தோட்டத்துக்கே தலைகால் புரியவில்லை. எங்கள் மாமா புலியைக் கண்டாலும் பயப்படமாட்டார் என்று நானும் பள்ளியில் அளந்து விட்டிருந்தேன்.

பிறகு சண்டை நடந்துகொண்டிருந்த ஓர் ஆப்பிரிக்க நாட்டுக்கு அமைதிப் படையோடு அவரை அனுப்பினார்கள். அங்கிருந்து வந்த கடிதங்களைச் சுவையில்லாத இடத்தில் வெட்டியும், தேவையான இடத்தில் ஒட்டியும் படித்தேன். பாப்பா காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடு என்று மாமா ஒருமுறை எழுதியதாகப் படித்தேன். அம்மா அடுத்த வாரமே எனக்கு வாங்கித் தந்தார்.

கடைசிக் கடிதம் டிசம்பர் விடுமுறையில் வந்தது. அம்மா வேலைக்காட்டிலிருந்து வந்து, கை கழுவிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“என்னா எழுதியிருக்கான், படி லா.”

நான் முதலில் மனதுக்குள் படித்தேன். அக்கா, எனக்கு இங்கே பயமாக இருக்கிறது. தூக்கம் வருவதில்லை. என் ஆட்களிடம் சொல்ல முடியாது, அதனால் உன்னிடம் சொல்கிறேன். தைப்பூசத்துக்கு எனக்காகப் பால்குடம் எடு.

அம்மா பால்குடம் எடுத்தால் நாற்பத்தெட்டு நாள் விரதம், வீட்டுக்குள் கவிச்சியே வராது. இடையில் என் பிறந்தநாள். பின்னால் கட்டியிருந்த சேவலை அதற்கென்றே பேசி வைத்திருந்தோம். போதாததற்குப் பயம் என்று வேறு எழுதியிருக்கிறார். பள்ளியில் தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும்.

“மாமா சௌக்கியமாம், அம்மா. பயப்பட ஒண்ணும் இல்லையாம். ஒங்க கோழிக்கறிதான் கண்ணுலயே நிக்குதாம்.”

அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறந்தநாளன்று சேவலின் இரண்டு காலையும் நானே தின்றேன்.

தைப்பூசம் முடிந்த மறுவாரம் ராணுவ வண்டி வந்தது. மாமா போன வாகனம் கண்ணிவெடியில் சிக்கிவிட்டது என்றார்கள். சாமிதான் பழிவாங்கிவிட்டது என்று எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. கொடி போர்த்திய பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொன்னார்: “என் தம்பிக்குப் பயம்னா என்னான்னே தெரியாது. கடைசிக் கடுதாசியில கூட கோழிக்கறியத்தான் கேட்டிருக்கான்.”

தோட்டம் கைமாறி, நாங்கள் பாரோய்க்கு வந்து வெகுகாலம் ஆகிறது. நான் இப்போது ஓர் இடைநிலைப் பள்ளியில் மலாய் ஆசிரியை. வருடா வருடம் மாமாவின் நினைவு நாளில் படத்துக்கு முன் இலை போட்டுக் கோழிக்கறி படைத்ததும், அம்மா அந்தக் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டுவார். நானும் பழைய பொய்யையே படிப்பேன். இந்த வருடம் உள்ளதைப் படித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். “அக்கா, எனக்கு இங்கே...” என்று தொடங்கியதும் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன்.

“ஏன் நிறுத்திட்ட? பயப்பட ஒண்ணும் இல்லன்னு வரும், படி,” என்றார் அம்மா.

அப்படியே படித்தேன். வெட்கமாக இருந்தது.

பால்குடம் எடுத்திருந்தால் மாமா பிழைத்திருப்பார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். கண்ணிவெடிக்குப் பால்குடம் தெரியாது என்று இப்போது என்னைத் தேற்றிக்கொள்ள முடிகிறது. தேற்றிக்கொள்ள முடியாதது வேறொன்று. அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கடிதத்துக்கு, அம்மா சொல்லச் சொல்ல, மலாயில் பதில் எழுதியதும் நான்தான். சேவலைப் பற்றி, மழையைப் பற்றி, என் பரீட்சையைப் பற்றியெல்லாம் எழுதி நானே தபாலில் போட்டேன். பயமாக இருக்கிறது என்று அக்காவிடம் மட்டும் சொன்னவர், அந்தப் பதிலைப் பிரித்துப் படித்திருப்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருக்கிறதா என்று தேடியிருப்பார் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.